எந்திரம் வந்தாச்சு, ஆள் எங்கே?

ஹவாய் பல்கலைக்கழக வேதியியல் துறையில் ஓர் ஆராய்ச்சி மாணவர் 2019-ல் விநோதமான சிக்கலில் மாட்டிக்கொண்டார். நீலப்பச்சைப் பாசியிலிருந்து பிரித்தெடுத்த சேர்மங்களின் கட்டமைப்பை அவர் உறுதிசெய்ய வேண்டியிருந்தது. அதற்கு உதவும் பைத்தான் ஸ்கிரிப்டை மினசோட்டா பல்கலைக்கழகத்தார் 2014-லேயே எழுதிப் பெரிய ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டிருந்தார்கள். பல நாட்டு வேதியியலாளர்கள் அதை எடுத்துப் பயன்படுத்தி வந்தார்கள். இவரும் எடுத்தார். ஒரு கணினியில் ஒரு விடை வந்தது, இன்னொன்றில் வேறு விடை. தரவும் அதேதான், ஸ்கிரிப்டும் அதேதான். மேக்கின் ஒரு பதிப்பும் விண்டோஸும் ஒத்துப்போயின. மேக்கின் வேறொரு பதிப்பும் உபுண்டுவும் ஆளுக்கொரு எண்ணைக் காட்டின.

காரணம் தெரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு ஃபோல்டரில் இருக்கும் கோப்புகளைப் பட்டியலிடச் சொன்னால் அவை பெயர் வரிசைப்படிதான் வரும் என்று ஸ்கிரிப்ட் நம்பியிருந்தது. சில இயங்குதளங்கள் அப்படித் தரும், சில தராது. தராதபோது ஒரு மூலக்கூறு வடிவத்தின் ஆற்றல் மதிப்பு வேறொரு வடிவத்தின் மதிப்போடு ஜோடி சேர்ந்துவிடும். எண்களில் வரும் வித்தியாசம் பார்வைக்கு அற்பம். ஆனால் 'இந்த மூலக்கூறு இதுதானா, அதுதானா' என்று முடிவுகட்டும் வேலையில் அந்த அற்பமே போதும். பட்டியலை வரிசைப்படுத்தும் ஒரே ஒரு வரியைச் சேர்த்ததும் கோளாறு தீர்ந்தது. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் முடிவுகளை மறுபடி சரிபார்க்க வேண்டுமோ என்ற கேள்வி எழுந்துவிட்டது.

எழுதியவர்கள் நல்ல வேதியியலாளர்கள். வெளியிட்ட இதழ் நல்ல இதழ். மதிப்பாய்வு செய்தவர்களும் தத்தம் துறையில் கெட்டிக்காரர்கள்தான். சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் உள்ள ஏதாவது ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இந்த ஸ்கிரிப்ட் எழுதப்பட்டிருந்தால், சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத ஒருவர் கோட் ரிவ்யூவில் 'வரிசையை நம்பாதீங்க' என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். பல்கலைக்கழகத்தில் அந்தக் குறிப்பை எழுத ஆள் கிடையாது. நாம் பேசப்போவது அந்த ஆளைப் பற்றித்தான்.

ஆராய்ச்சி என்றால் சோதனைக்குழாய், நுண்ணோக்கி, களப்பணி என்ற படம் நம் மனதில் இன்னும் கலையவில்லை. நடப்பு வேறு. பிரிட்டனில் எடின்பரோவைத் தலைமையிடமாகக் கொண்ட சாஃப்ட்வேர் சஸ்டெயினபிலிட்டி இன்ஸ்டிடியூட், 2014-ல் அந்நாட்டின் 15 முன்னணிப் பல்கலைக்கழகங்களில் ஒரு கருத்தாய்வு நடத்தியது. 417 பேர் பதில் சொன்னார்கள். ஆராய்ச்சிக்கு மென்பொருளைப் பயன்படுத்துகிறோம் என்றவர்கள் 92 விழுக்காடு. அது இல்லாவிட்டால் ஆராய்ச்சியே நடைமுறையில் சாத்தியமில்லை என்றவர்கள் 69 விழுக்காடு. 56 விழுக்காட்டினர் தாங்களே மென்பொருள் எழுதுகிறார்கள். அப்படி எழுதுபவர்களில் ஐந்தில் ஒருவர் அதற்கென எந்தப் பயிற்சியும் பெறாதவர். நான் அதிகம் யோசித்தது இந்தக் கடைசி எண்ணைப் பற்றித்தான். பயிற்சி இல்லாதவரை ஆய்வகத்தில் ஆசிட் பாட்டிலைத் தொட விடமாட்டார்கள். கோட் எழுத மட்டும் யாரையும் விட்டுவிடுகிறார்கள்.

அந்தக் கோட் எப்படி வளர்கிறது என்பது எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஒரே கதைதான். ஒரு ஸ்காலர் தன் பிஎச்.டி.க்காக எழுதுகிறார். கட்டுரை வெளியாகிறது, பட்டம் கிடைக்கிறது, வெளிநாட்டுக்கு போஸ்ட்-டாக் போய்விடுகிறார். அடுத்து வருபவரிடம் கைடு ஒரு பென் டிரைவைக் கொடுத்து, 'அவன் எழுதினதுதான், எடுத்து ஓட்டிப் பாரு' என்கிறார். உள்ளே 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் நியூ கரெக்ட்' என்று ஃபோல்டர்கள். எது கட்டுரையில் வந்த படத்தை உருவாக்கியது என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரியும். கோப்பு இருக்கும் இடத்தைக் குறிக்கும் வரியில் பழைய ஸ்காலரின் பெயர் அப்படியே பதிந்திருக்கும். இவர் லேப்டாப்பில் அந்த முகவரி கிடையாது, ஆகவே முதல் ஓட்டத்திலேயே நின்றுவிடும். மாதக்கணக்கில் போராடிவிட்டு இவரும் புதிதாக ஒன்றை எழுதத் தொடங்குவார். அதுவும் ஒருநாள் பென் டிரைவுக்குள் போகும்.

இதே கதை உலகம் பார்க்க நடந்தது 2020-ல். அந்த ஆண்டு மார்ச் 16-ஆம் தேதி லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த நீல் ஃபெர்குசன் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. கொரோனாவைக் கட்டுப்படுத்த எதுவுமே செய்யாவிட்டால் பிரிட்டனில் சுமார் 5,10,000 பேரும் அமெரிக்காவில் 22 லட்சம் பேரும் இறக்கக்கூடும் என்றது கணிப்பு. ஒரே வாரத்தில் பிரிட்டன் ஊரடங்குக்குப் போனது. 'அந்தக் கோடைக் காட்டுங்கள்' என்று நாலாபக்கமும் குரல் எழுந்தது. 13 வருடங்களுக்கு முன்பு ஃப்ளூ தொற்றுக்காக எழுதியது, விளக்கக் குறிப்பே இல்லாத ஆயிரக்கணக்கான சி மொழி வரிகள் என்று ஃபெர்குசனே ட்விட்டரில் எழுதினார். ஒரே கோப்பில் 15,000 வரி அளவுக்கு இருந்ததாம். மைக்ரோசாஃப்ட் பொறியாளர்களும், 'டூம்' வீடியோ கேமை உருவாக்கிய ஜான் கார்மக்கும் உட்கார்ந்து அதைத் துடைத்துப் பிரித்து வைத்த பிறகே பொதுவெளிக்கு வந்தது.

வந்ததும் வசைமாரி. 'ஒரே உள்ளீட்டுக்கு இரண்டு தடவை இரண்டு விடை வருகிறது, இதை நம்பியா நாட்டைப் பூட்டினீர்கள்?' என்றார்கள். விமர்சனத்தில் பாதி நியாயம், பாதி அறியாமை. தற்செயல் எண்களை வைத்து ஓட்டும் மாதிரி அது. பல முறை ஓட்டிச் சராசரியைத்தான் எடுக்க வேண்டும். அது போக, ஒரே கூட்டல் கணக்கைக் கணினிச் சிப்பின் பல கோர்களுக்குப் பங்கிட்டால் கூட்டும் வரிசை மாறும். தசம எண்களைக் கணினி ஓரளவுக்கு மேல் துல்லியமாக வைத்துக்கொள்ளாது என்பதால், வரிசை மாறும்போது கடைசி இலக்கங்களும் மாறும். தொழில் தெரிந்தவர்கள் இதை எதிர்பார்த்து, எவ்வளவு விலகல்வரை ஏற்கலாம் என்று முன்கூட்டியே வரையறுத்துச் சோதனைகள் எழுதி வைப்பார்கள். இந்தக் கோடில் அப்படிப்பட்ட சோதனைகள் போதவில்லை என்பதுதான் நியாயமான குறை. அதே ஆண்டு கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் எக்லன் வெளியிலிருந்து ஓட்டிப்பார்த்து, அறிக்கையின் முடிவுகளைத் தன்னாலும் பெற முடிந்தது என்று சான்று கொடுத்தார். அறிவியல் தப்பித்தது. ஆனால் 13 வருடங்களில் ஒரு மென்பொருள் பொறியாளரை ஆறு மாதம் அந்தக் குழுவில் உட்கார வைத்திருந்தால் இந்தக் கூச்சலில் பெரும்பகுதி எழுந்தே இருக்காது என்பது என் கணிப்பு.

பெயர் வந்தது, பிறகு பதவி வந்தது

ஆராய்ச்சிக் குழுக்களில் அப்படி உட்காரும் மென்பொருள் ஆட்கள் முன்பும் இருந்தார்கள், பெயர்தான் இல்லை. சம்பளப் பட்டியலில் 'போஸ்ட்-டாக்' என்று இருப்பார்கள், செய்வதெல்லாம் துறைக்கே கோட் எழுதுவது. மற்றவர்களின் கட்டுரைகள் இவர்கள் எழுதிய கோடால் ஓடும். இவர்களுக்கென்று சொந்தக் கட்டுரைகள் குறைவாக இருக்கும். பதவி உயர்வுக் குழு கட்டுரைகளைத்தான் எண்ணும். ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

2012 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டில் மேலே சொன்ன இன்ஸ்டிடியூட் நடத்திய ஒரு பயிலரங்கில் சிலர் உட்கார்ந்து இதையே புலம்பிக்கொண்டிருந்தார்கள். புலம்பல் ஓர் அறிக்கையாகி, இந்த வேலைக்கு 'ரிசர்ச் சாஃப்ட்வேர் இன்ஜினியர்' என்று பெயர் வைத்தது. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஹெதரிங்டன் அதே ஆண்டில் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில், அதாவது யு.சி.எல்.லில், இதற்கென்றே ஒரு குழுவைத் தொடங்கினார். 2016-ல் மான்செஸ்டரில் முதல் மாநாடு, சுமார் இருநூறு பேர். 2019-ல் பதிவுபெற்ற சங்கம். ஜெர்மனி, அமெரிக்கா என்று கிளைகள் பரவி, இப்போது ஆசியாவுக்கும் ஒரு சங்கம் இருக்கிறது.

பெயர் வைத்தது சுலபமான பகுதி. யு.சி.எல். குழு தீர்த்த சிக்கல் பணச் சிக்கல். அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஒரு பேராசிரியரின் திட்டத்தில் மென்பொருள் வேலை என்பது மொத்தமாக நான்கு மாதத்துக்குத்தான் இருக்கும். நான்கு மாத வேலைக்கு உருப்படியான புரோகிராமர் யார் வருவார்? வந்தாலும், துறையின் கணக்கும் கலைச்சொல்லும் பிடிபடுவதற்குள் காலம் முடிந்துவிடும். ஆகவே பேராசிரியர் அந்தப் பணத்தில் ஒரு ஸ்காலரை எடுத்து, 'நீயே கோடும் எழுதிடு' என்று தலையில் கட்டுவார். யு.சி.எல். இதைத் திருப்பிப் போட்டது. பொறியாளர்களைப் பல்கலைக்கழகமே நிலையான வேலையில் அமர்த்தும். பேராசிரியர் தன் திட்ட நிதியிலிருந்து அவர்களின் நேரத்தை வாங்கிக்கொள்வார். ஒருவரின் நேரத்தில் பாதி ஆறு மாதத்துக்கு, அல்லது ஐந்தில் ஒரு பங்கு ஒரு வருடத்துக்கு என்று கேட்கலாம். திங்கள், செவ்வாய் மூளை ஸ்கேன் படங்களோடும், புதன், வியாழன் வெள்ள மாதிரிகளோடும் அந்தப் பொறியாளர் இருப்பார். துண்டு துண்டான நிதிகள் சேர்ந்து ஒரு முழுச் சம்பளமாகும். ஒரு திட்டம் முடிந்தால் ஆள் போகமாட்டார், கற்றதும் போகாது. வெள்ளத்துக்கு எழுதிய சோதனைக் கருவி நாளை மூளை ஸ்கேனுக்கும் உதவும்.

இந்தக் குழுக்களில் வேலைக்கு எடுக்கும் ஆட்களும் தனி ரகம். பெரும்பாலோர் ஏதாவது ஓர் அறிவியலில் பிஎச்.டி. முடித்து, ஆராய்ச்சியைவிட அதற்கான கோடில்தான் தமக்கு ருசி என்று கண்டுகொண்டவர்கள். இயற்பியலாளர் பேசுவது இவர்களுக்குப் புரியும். 'இந்தக் கணக்கு எதுக்கு?' என்று கேட்டு நேரத்தைத் தின்னமாட்டார்கள், 'இது சரியா வருதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்பார்கள். இந்த இரண்டாவது கேள்விக்குப் பல பேராசிரியர்களிடம் பதில் இருக்காது.

128 கோர், வேலை செய்வது ஒன்று

இனி எந்திரத்தின் பக்கம் வருவோம். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் உயர்திறன் கணிப்பு (எச்பிசி) மையமான இ.பி.சி.சி. நடத்தும் ஆர்ச்சர்-2 பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்களுக்கான தேசிய சூப்பர் கணினி. 5,860 நோட்கள், அதாவது சேர்த்துக் கட்டிய தனித்தனிக் கணினிகள், நோட் ஒன்றுக்கு 128 கோர்கள், மொத்தம் 7,50,080 கோர்கள். எண்ணைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் லேப்டாப்பில் எழுதிய கோடைக் கொண்டுவந்து இதில் போட்டால் அது லேப்டாப்பில் ஓடிய வேகத்திலேயே ஓடும். சில சமயம் அதைவிட மெதுவாகவும் ஓடும். ஒரு கோருக்காக எழுதப்பட்ட கோட் மற்ற கோர்களைத் தானாகத் தேடிப் போகாது.

புதிதாக வரும் ஒரு ஸ்காலரின் முதல் வாரம் பெரும்பாலும் இப்படி இருக்கும். லாகின் செய்கிறார். எல்லோரும் நுழையும் வாசலான லாகின் நோடிலேயே தன் புரோகிராமை ஓட்டிவிடுகிறார். மற்றவர்களுக்கு எல்லாம் திணறுகிறது, நிர்வாகியிடமிருந்து கடுப்பான ஒரு மின்னஞ்சல் வருகிறது. பிறகு ஜாப் ஸ்கிரிப்ட் எழுதக் கற்கிறார். எத்தனை நோட், எவ்வளவு நினைவகம், எத்தனை மணி நேரம் என்று எழுதி ஸ்லர்ம் என்ற வரிசை மேலாளரிடம் கொடுக்க வேண்டும். சீனியர் ஒருவரின் ஸ்கிரிப்டை அப்படியே காப்பி அடிக்கிறார். அதில் ஒரு முழு நோட் கேட்டிருக்கிறது. ஒன்றரை நாள் க்யூவில் காத்திருந்து இடம் கிடைக்கிறது. கேட்ட 128 கோரில் ஒன்று மட்டும் வேலை செய்ய, 127 சும்மா கிடக்கின்றன. 24 மணி நேரக் கெடு முடிந்ததும் ஜாப் நிறுத்தப்படுகிறது. இடையில் எதையும் சேமித்து வைக்க அவர் கோடில் ஏற்பாடு இல்லை, ஆக முதலிலிருந்து தொடங்க வேண்டும். எந்திரத்தில் ஒரு பழுதும் இல்லை. ஆனால் ஒரு நாள் முழுக்க ஒரு நோட் தின்ற மின்சாரத்துக்குப் பலனே இல்லை.

கோடைப் பல கோர்களுக்குப் பிரித்து எழுதினாலும் கதை முடிவதில்லை. ஐ.பி.எம்.மில் இருந்த ஜீன் ஆம்டால் 1967-லேயே இதைக் கணக்காகச் சொல்லிவிட்டார். கல்யாண வீட்டில் காய் நறுக்க நூறு பேர் வரலாம், உலை கொதிக்க ஆகும் நேரம் ஆகத்தான் செய்யும். ஒரு புரோகிராமில் 95 விழுக்காடு வேலையைப் பிரித்துக்கொடுக்க முடியும், 5 விழுக்காட்டை ஒருவரேதான் செய்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 128 கோர் கொடுத்தால் வேகம் 128 மடங்கு ஆகாது, சுமார் 17 மடங்குதான் ஆகும். ஆயிரம் கோர் கொடுத்தாலும் 20 மடங்கைத் தாண்டாது. ஆகவே பொறியாளரின் முதல் வேலை கோர் கேட்பதல்ல, அந்த 5 விழுக்காடு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவது. இதற்கு 'ப்ரொஃபைலிங்' என்று பெயர். எந்த வரியில் எத்தனை விநாடி கரைகிறது என்று கருவி வைத்து அளப்பார்கள். 'இந்தச் சமன்பாடுதான் நேரம் எடுக்குது' என்று எழுதியவர் சத்தியம் செய்வார், அளந்து பார்த்தால் கோப்பைத் திறந்து மூடுவதில் நேரம் போயிருக்கும்.

கோப்புகள் என்றதும் இன்னொன்று. சூப்பர் கணினிகளில் பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் லஸ்டர் போன்ற கோப்பு முறைமைகள் இருக்கும். பெரிய கோப்புகளை அள்ளி வாங்கிக்கொள்ளும். பத்து லட்சம் குட்டிக் கோப்புகளைக் கொண்டுபோய்க் கொட்டினால், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் சர்வர் திணறி, பக்கத்தில் வானிலைக் கணிப்பு ஓட்டுபவரின் வேலையும் சேர்ந்து நிற்கும். மருந்து குட்டிக் கோப்புகளை ஒரே பெரிய கோப்பாகக் கட்டுவதுதான். பொறியாளருக்கு அரைநாள் வேலை. அது தெரியாமல் ஒரு துறையே வருடக்கணக்கில் 'இந்த எந்திரம் ஸ்லோ' என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

இன்னும் நுணுக்கமானதும் உண்டு. ஃபோர்ட்ரான் மொழியில் ஓர் அணியின் எண்கள் நினைவகத்தில் நெடுவரிசை நெடுவரிசையாகக் கிடக்கும். சி மொழியில் கிடைவரிசையாகக் கிடக்கும். பழைய ஃபோர்ட்ரான் கோடைச் சி-க்கு மாற்றியவர் சுழற்சிகளின் வரிசையை மாற்றாமல் விட்டுவிட்டால், புரோகிராம் ஒவ்வொரு எண்ணுக்கும் நினைவகத்தில் தாண்டித் தாண்டிப் போய் எடுக்கும். விடை சரியாக வரும், நேரம் பல மடங்காகும். உள்ளே இருக்கும் சுழற்சியை வெளியே, வெளியே இருப்பதை உள்ளே என்று இரண்டு வரிகளை இடம் மாற்றினால் தீர்ந்தது. விடை சரியாக இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை என்பதுதான் இதில் உள்ள கஷ்டம்.

ஆர்ச்சர்-2-ல் இதற்கென்றே 'இ.சி.எஸ்.இ.' என்ற திட்டம் இருக்கிறது. ஆராய்ச்சியாளர் விண்ணப்பித்தால் கிடைப்பது கணினி நேரமோ கருவியோ அல்ல, ஒரு பொறியாளரின் சில மாத உழைப்பு. அந்த எந்திரத்தில் பலரும் பயன்படுத்தும் மென்பொருளை வேகப்படுத்துவது, புதிய வசதி சேர்ப்பது போன்றவையே நோக்கம். கணக்கைப் பாருங்கள். ஆயிரம் பேர் ஓட்டும் ஒரு பொதுக் கோடை 20 விழுக்காடு வேகப்படுத்தினால், அத்தனை பேருக்கும் எந்திரத்தின் ஒரு பகுதியை இலவசமாக வாங்கிக்கொடுத்த மாதிரி. ஒரு பொறியாளரின் ஆறு மாதச் சம்பளத்தை இதோடு ஒப்பிட்டால் எது மலிவு என்று சொல்ல வேண்டியதில்லை.

இதன் இன்னொரு முகம் மின்கட்டணம். 2022-ல் ஐரோப்பாவில் மின்விலை எகிறியபோது ஆர்ச்சர்-2 குழு சிப்களின் அமைப்பில் இரண்டு மாற்றங்கள் செய்தது. அதில் முக்கியமானது, சாதாரண ஓட்ட வேகத்தை 2 கிகாஹெர்ட்ஸாகக் குறைத்தது. சராசரி மின் இழுப்பு சுமார் 3.2 மெகாவாட்டிலிருந்து 2.5 மெகாவாட்டுக்குப் பக்கத்தில் வந்தது. பல மென்பொருள்கள் அவ்வளவாக மெதுவாகவில்லை, காரணம் அவை சிப்பின் வேகத்துக்காக அல்ல, நினைவகத்திலிருந்து எண்கள் வந்து சேர்வதற்காகவே காத்திருந்தன. உண்மையிலேயே அடிபடும் சில மென்பொருள்களுக்குப் பழைய வேகத்தை விட்டுவைத்தார்கள். எது எந்த வகை என்று அளந்து சொல்ல ஆட்கள் இருந்ததால்தான் அந்தப் பொத்தானைத் தைரியமாகத் திருக முடிந்தது.

கிளவுட் வந்தால் இந்தத் தொல்லையெல்லாம் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. க்யூ இல்லை, விண்ணப்பம் இல்லை, கிரெடிட் கார்டு போதும். க்யூ போனது உண்மைதான், அந்த இடத்தில் பில் வந்து உட்கார்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமை மாலை ஜிபியு சர்வரை அணைக்க மறந்தவருக்குத் திங்கட்கிழமை அது தெரியும். தரவை உள்ளே ஏற்றக் காசில்லை, வெளியே எடுக்கத்தான் காசு. பெரிய கிளவுட் நிறுவனங்களின் வழக்கமான விலை கிகாபைட்டுக்கு 9 அமெரிக்க சென்ட் அளவில் இருக்கிறது. 10 டெராபைட்டைக் கல்லூரிக்குத் திரும்பக் கொண்டுவந்தால் 900 டாலருக்கு மேல், நம் காசுக்கு முக்கால் லட்சம் ரூபாயைத் தாண்டும். இந்தச் செலவைத் திட்ட வரைவில் எழுதாமல் விட்டுவிட்டு, ஆராய்ச்சி முடியும் தறுவாயில் விழிப்பவர்கள் ஏராளம்.

மலிவு விலை சர்வர்களும் உண்டு. வேறு யாரும் கேட்காத நேரத்தில் 90 விழுக்காடு வரை தள்ளுபடியில் தருவார்கள், தேவைப்பட்டால் இரண்டு நிமிட அவகாசத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். நடுநடுவே தன் நிலையைச் சேமித்து, அறுந்த இடத்திலிருந்து தொடரத் தெரிந்த கோடுக்கு இது வரம். தெரியாத கோடுக்கு வீண் செலவு. ஆக, எச்பிசி க்யூவில் 24 மணி நேரக் கெடுவுக்குத் தப்ப எதைக் கற்க வேண்டுமோ அதையேதான் இங்கேயும் கற்க வேண்டும். எதை எங்கே ஓட்டுவது என்ற முடிவும் அப்படித்தான். ஆயிரம் நோட்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே தீர்க்க வேண்டிய கடல் நீரோட்டக் கணக்கு சூப்பர் கணினிக்கு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பத்தாயிரம் மரபணுக் கோப்புகளை ஒரே வாரத்தில் முடித்துவிட்டு அப்புறம் மூன்று மாதம் தேவையே இல்லை என்றால் கிளவுடுக்கு. இதைப் பேராசிரியருக்கு எடுத்துச் சொல்ல விற்பனைப் பிரதிநிதி வருவார்தான். அவர் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றே.

எந்திரத்தைக் காப்பவர்களுக்கே சறுக்கும் என்பதற்கு ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகம் சாட்சி. 2021 டிசம்பர் 14 மாலையிலிருந்து 16 நண்பகல் வரை அங்குள்ள சூப்பர் கணினியின் சேமிப்பகத்திலிருந்து 77 டெராபைட், சுமார் 3.4 கோடி கோப்புகள் அழிந்தன. ஹேக்கர் யாரும் வரவில்லை. பத்து நாளுக்கு மேற்பட்ட பழைய பதிவுக் கோப்புகளை நீக்கும் ஒரு பேஷ் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. எந்திரத்தை வழங்கிய நிறுவனம் அதைத் திருத்தியது. படிப்பவருக்கு விளங்கட்டும் என்று மாறிகளின் பெயரையும் மாற்றியது. நல்ல எண்ணம்தான். ஆனால் பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் புதியதை வைத்துவிட்டார்கள். பேஷ் ஒரு ஸ்கிரிப்டை முழுசாகப் படித்துக்கொண்டு ஓடுவதில்லை, ஓட ஓடத்தான் படிக்கும். பாதி பழையதில் ஓடி, மீதியைப் புதியதிலிருந்து படித்தது. புதிய பெயருள்ள மாறிக்கு மதிப்பே வைக்கப்படவில்லை. எந்த ஃபோல்டரில் அழிக்க வேண்டும் என்ற இடம் காலியானது. பதிவுக் கோப்புகளுக்குப் பதிலாக ஆராய்ச்சியாளர்களின் கோப்புகளை அழிக்கத் தொடங்கியது. 14 ஆராய்ச்சிக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் 4 குழுக்களின் தரவை பேக்கப்பிலிருந்தும் மீட்க முடியவில்லை. நிறுவனம் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது. மதிப்பு வைக்கப்படாத மாறி வந்தால் அங்கேயே நின்றுவிடு என்று ஸ்கிரிப்டின் தலையில் எழுத ஒரே வரி போதும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

சரி, இவ்வளவு தேவை என்றால் ஆட்களைப் பிடிப்பதில் என்ன தடை? சந்தை இவர்களுக்குத் தரும் சம்பளத்தைப் பல்கலைக்கழகத்தால் தர முடியாது. அது பாதிக் காரணம். மீதி, மரியாதை. கட்டுரையில் ஆசிரியர் பெயராக வருவதற்கு இவர்களுக்கு உரிமை உண்டா, நன்றியுரையில் ஒரு வரி போதுமா என்ற சண்டை இன்னும் பல துறைகளில் தீரவில்லை. 2016-ல் தொடங்கிய 'ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்' ஒரு கெட்டிக்கார வழியைக் கண்டுபிடித்தது. மென்பொருளையே மதிப்பாய்வு செய்து, அதற்கு ஒரு சிறு கட்டுரை வெளியிடும். எண்ணுகிறவர்கள் கட்டுரையைத்தான் எண்ணுவார்கள் என்றால் கோடுக்கே ஒரு கட்டுரையைக் கொடுத்துவிடுவோம் என்ற சமரசம். பணப் பக்கத்தில், கூகுளின் முன்னாள் தலைவர் எரிக் ஷ்மிட்டின் அறக்கட்டளை 2022-ல் கேம்பிரிட்ஜ், வாஷிங்டன், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஜார்ஜியா டெக் ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களில் இப்படிப்பட்ட பொறியாளர் மையங்கள் அமைக்க 4 கோடி டாலரை ஒதுக்கியது. பணக்காரர் ஒருவர் வந்து கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் கவனிக்கலாம்.

இந்தியாவுக்கு வருவோம். 2015-ல் ஒப்புதல் பெற்ற தேசிய சூப்பர் கணினி இயக்கத்துக்கு 4,500 கோடி ரூபாய். சி-டாக், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் இரண்டும் நடத்துகின்றன. முதல் எந்திரமான பரம் ஷிவாய் 2019-ல் வாரணாசியில் வந்தது. பெங்களூருவில் 3.3 பெட்டாஃப்ளாப்ஸ் பரம் பிரவேகா, திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் 838 டெராஃப்ளாப்ஸ் திறனுள்ள பரம் பொருள் என்று அடுத்தடுத்து வந்தன. 2024 செப்டம்பரில் புணே, டெல்லி, கொல்கத்தாவில் மூன்று பரம் ருத்ராக்களைப் பிரதமர் தொடங்கிவைத்தார். பயிற்சிக்காக ஐ.ஐ.டி. மெட்ராஸ், காரக்பூர், கோவா, பாலக்காடு ஆகிய இடங்களில் மையங்களும் அமைத்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல காரியங்கள்.

ஆனால் பயிற்சி என்பது மாணவருக்கு. அவர் கற்றுக்கொண்டு, பட்டம் வாங்கி, போய்விடுவார். எந்திரத்தின் பராமரிப்பு என்பது ஏ.சி., மின்சாரம், நெட்வொர்க், பாஸ்வேர்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் திருச்சியில் ஒரு சிவில் துறை ஸ்காலரின் கோடைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காரும் ஆளுக்கு எந்தப் பதவிப் பெயர் இருக்கிறது? ஆராய்ச்சி இதழ்களைப் படிக்க 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்தது. எந்திரத்துக்குப் பணம், படிக்கப் பணம் எல்லாம் சரி. கோட் எழுதுவது மட்டும் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வாங்கும் ஜே.ஆர்.எஃப். ஸ்காலர் ராத்திரி நேரத்தில் செய்யும் உபரி வேலை.

மென்பொருள் ஆட்களுக்குப் பஞ்சமுள்ள மாநிலமா தமிழ்நாடு? ஒரு பக்கம் வருடா வருடம் பொறியியல் பட்டதாரிகள் குவிகிறார்கள். இன்னொரு பக்கம் பிஎச்.டி. முடித்துவிட்டு உதவிப் பேராசிரியர் பணிக்கு வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள். அறிவியலும் தெரியும், கோடும் தெரியும், கட்டுரை எண்ணிக்கை மட்டும் கொஞ்சம் குறைச்சல் என்று நேர்காணலில் திருப்பி அனுப்பப்படுபவர்களில் இந்த வேலைக்கே பிறந்தவர்கள் இருப்பார்கள்.

நம் திட்ட வரைவுப் படிவங்களின் தலைப்புகள் எல்லோருக்கும் மனப்பாடம். ஆட்கள், கருவிகள், நுகர்பொருட்கள், பயணம், இதர செலவு, ஓவர்ஹெட். 'ஆட்கள்' என்ற இடத்தில் ஜே.ஆர்.எஃப்., ப்ராஜெக்ட் அசோசியேட் என்று முழுநேரத் தற்காலிக ஆட்களைத்தான் வழக்கமாக எழுதுகிறோம். அங்கே 'கணினி மையப் பொறியாளர், பத்தில் ஒரு பங்கு நேரம்' என்று எழுத இடம் கொடுத்தால் பத்துத் திட்டங்கள் சேர்ந்து ஒரு முழு ஆளின் சம்பளத்தைக் கட்டிவிடும். ஒரு நடுத்தரப் பல்கலைக்கழகத்தில் இருபது முப்பது திட்டங்கள் ஒரே நேரத்தில் நடந்தால் இரண்டு மூன்று பேரை வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் அது போதும். இரண்டு திட்டங்களுக்கு நடுவில் நிதி வராத மாதங்கள் இருக்கும். அந்த மாதங்களின் சம்பளத்துக்குப் பல்கலைக்கழகம் பொறுப்பேற்றால்தான் இந்த ஏற்பாடு நிற்கும். அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் பதிவாளரும் நிதி அலுவலரும்.